செவ்வாய்க்கிழமை அனுப்பிய படம்

மூன்று நாளாக விடாமல் பெய்த ஐப்பசி மழையில் கல்லுப்பாலம் தோட்டத்து தொழிலாளர் வரிசை வீடுகளான மேக்கணக்கு லயத்தின் தகரக்கூரை ஒரே இரைச்சலாக இருந்தது. உள்ளே பேசுவதென்றால் தொண்டையை உயர்த்த வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை விடியற்காலை, பிரஷர் மெசினில் தெரிந்த எண்ணைக் கிருஷாந்தி வாய்விட்டுச் சொல்லவில்லை. கையில் சுற்றியிருந்த பட்டையைக்கூடக் கழற்றாமல் புருஷனின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

யோகேஸ்வரன் அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தான். அவளுக்கு எட்டாம் மாதம் பிறந்ததிலிருந்து காலைச் சமையல் அவன் கைக்கு வந்திருந்தது. மாவுக் கையோடு எட்டிப் பார்த்தான்.

"எவ்வளவு காட்டுது?"

"நீங்களே பாருங்க."

மேலே நூற்று ஐம்பத்தெட்டு. கீழே நூற்று நாலு.

"இன்னொரு தடவ அமுக்கு. கைய ஆட்டியிருப்ப."

"ரெண்டு தடவ பாத்துட்டேங்க. மொதல்ல நூத்தி அறுவது காட்டுச்சு."

கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிரஷர் உள்ள புள்ளத்தாச்சிகள் பதினொரு பேருக்குக் கிளினிக்கில் அந்த மெசினைக் கொடுத்திருந்தார்கள். மழைக்காலத்தில் கிளினிக்குக்கு இறங்கி ஏற முடியாதவர்கள் வீட்டிலேயே காலையும் மாலையும் அளந்து, எண் தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்து, வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். மிட்வைஃப் பெற்றீசியா மிஸ் அதைப் பார்ப்பாள். பொறுப்பான டொக்டரும் தன் போனில் பார்ப்பார். எண் ஏறினால் அன்றைக்கே ஆள் வரும். மேல் எண் நூற்று ஐம்பதைத் தாண்டினாலோ, கீழ் எண் நூறைத் தாண்டினாலோ வீட்டில் வைத்திருக்கக் கூடாது, ஆசுபத்திரிதான் என்று மெசினைக் கொடுத்த அன்றே மிஸ் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தாள். எண்களைச் சுவரில் கரியால் எழுதியும் வைத்துவிட்டுப் போனாள்.

யோகேஸ்வரன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். கிருஷாந்தி மெசினின் முகத்தைக் கையால் மூடினாள்.

"அனுப்பாதீங்க."

"என்னா புள்ள பேசுற?"

"இன்னிக்கு மட்டும். மாத்திரைய முழுங்கிட்டு அசையாம படுத்துக் கெடக்குறேன். சாயந்தரம் கொறஞ்சிரும். கொறையலன்னா நானே அனுப்பச் சொல்றேன்."

"ஒன்னும் அனுப்பலன்னா மிஸ் கோல் எடுப்பாங்க. அதுக்கு என்னா சொல்றது?"

"ஞாத்திக்கெழம ரெண்டு படம் எடுத்தீங்கதானே. ஒன்னு அனுப்பாம அப்புடியே கெடக்கு."

முதல் படத்தில் விளக்கு வெளிச்சம் பட்டு எண் சரியாகத் தெரியவில்லையோ என்று அவன் ஞாயிற்றுக்கிழமை இரண்டாவதாக ஒன்று எடுத்திருந்தான். நூற்று முப்பத்திரண்டு, எண்பத்தாறு. அவனே அதை மறந்துவிட்டிருந்தான். அவள் மறக்கவில்லை. மெசினில் எண் ஏறும் முன்பே, ஏறினால் என்ன செய்வதென்று யோசித்து வைத்திருக்கிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"அக்காவையும் ரெண்டே நாளுன்னுதான் கூட்டிட்டுப் போனாங்க," என்றாள் அவள்.

நான்கு வருஷத்துக்கு முன் அவளுடைய அக்கா ஜெயந்தினி இதே எட்டாம் மாதத்தில் ஆசுபத்திரிக்குப் போனவள். மூன்றாம் நாள் அவளையும் பிள்ளையையும் ஒரே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறியில்தான் பெட்டி வந்தது. ஜெயந்தினி ஆறு வாரமாகக் கிளினிக் பக்கமே போகாமல், கால் வீங்கி, கண் மங்கிய பிறகுதான் புறப்பட்டாள் என்பது லயம் முழுக்கத் தெரிந்த கதை. கிருஷாந்திக்கு அந்த ஆறு வாரம் நினைவில் நிற்கவில்லை. அந்த மூன்று நாள்தான் நின்றது.

"அக்காவுக்கு யாரும் பிரஷர் பாக்கலியே புள்ள. ஒனக்குப் பாக்குறாங்க."

"பாத்துட்டு எங்க அனுப்புவாங்க? அங்கதானே?" அவள் கையை மெசினிலிருந்து எடுக்கவில்லை. "எனக்கு அந்த வாசப்படியப் பாத்தாலே போதும், நெஞ்சு நின்னுரும். இன்னிக்கு ஒரு நாளுங்க."

ரொட்டியைத் தட்டிப் போட்டுச் சுட்டான். உப்பில்லாத தேங்காய்ச் சம்பலோடு அவளுக்கு இரண்டு வைத்துவிட்டு, தனக்கு ஒன்றைத் தாளில் சுற்றிக்கொண்டு, மழைக்குப் போர்த்தும் தார்ப்பாயான படங்கைத் தலையில் போட்டு வெளியே இறங்கினான்.

லயத்தில் கவரேஜ் கிடையாது. பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கி இருக்கிற மேட்டில் நின்றால் இரண்டு கோடு வரும். யோகேஸ்வரன் ஸ்டோருக்குப் போகிற வழி அது. தேயிலை அரைக்கிற ஆலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். அவனுக்கு இலை உருட்டுகிற ரோலரில் வேலை. தாங்கியடியில் நின்று படங்குக்குள் போனை மறைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைப் படத்தைத் தேடி எடுத்தான். கட்டைவிரல் ஈரத்தில் வழுக்கியது. துடைத்துவிட்டு அமுக்கினான்.

ஐந்து நிமிஷத்தில் மிஸ்ஸின் குரல் வந்தது.

"ரொம்ப நல்லம் யோகேஸ். கொறஞ்சுக்கிட்டு வருது. மாத்திரைய விட வேணாம். கிருஷாந்திய மழையில நனைய விட்றாதீங்க."

அதைக் கேட்டதும் அவனுக்கு ஒரு கணம் உண்மையாகவே மனம் லேசாயிற்று. மிஸ் சொல்லிவிட்டாள், குறைந்துகொண்டு வருகிறது. அடுத்த கணம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணை நான்தான் பொத்திவிட்டேன் என்று நினைத்தான்.

அன்று முழுக்க ரோலருக்கு இலை போடும்போது அவன் கை வேலையில் இருந்ததே தவிர காது வாசலில் இருந்தது. யாராவது படியேறி வருகிற சத்தம் கேட்டால் திரும்பிப் பார்த்தான். மழையால் கொழுந்து குறைவு; மூன்று மணிக்கே வேலையை முடித்து அனுப்பிவிட்டார்கள். ஓடாத குறையாக லயத்துக்கு வந்தான். கிருஷாந்தி படுத்திருந்தாள். பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கும் நாகலெட்சுமி அவளுக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"காலப் பாரு தம்பி. அமுக்குன எடம் குழியாவே நிக்குது," என்றாள் நாகலெட்சுமி. "மிஸ்ஸுக்குச் சொன்னியா?"

"சொல்லியாச்சு அத்த," என்றான். முதல் பொய்யை விட இது சுலபமாக வந்தது.

மாலை எண் நூற்று ஐம்பத்தாறு, நூற்று ஆறு. இருவரும் அதைப் பார்த்தார்கள். அவன் தாங்கியடிக்குப் போய், கெமரா நனைந்துவிட்டது, நூற்று முப்பது, எண்பத்தாறு என்று எழுதி அனுப்பினான். நாளைக்குக் கட்டாயம் படம் வேண்டும் என்று மிஸ் பதில் போட்டாள்.

புதன்கிழமை விடிந்தபோது கிருஷாந்தி அவனுக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்திருந்தாள்.

"தலைய யாரோ கயித்தப் போட்டு இறுக்குற மாதிரி இருக்கு."

"எப்ப இருந்து?"

"தெரியலங்க. லைட்டச் சுத்தி வளையம் வளையமா தெரியுது. இங்க நெஞ்சுக்குக் கீழ வேற குத்துது. ரொட்டி சேரலயோ என்னவோ."

அவன் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினான். மெசின் முனகி முனகி இறுக்கியது. மேலே நூற்று எழுபத்திரண்டு. கீழே நூற்று பதினாலு. அவன் இதுவரை அந்த மெசினில் பார்க்காத எண்கள். படம் எடுத்தான். அவள் எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நேத்து அனுப்புனத அனுப்புங்க."

"இல்ல."

"சத்தியமா சொல்றேன், நான் அங்க போனா திரும்ப மாட்டேன்."

"இங்க இருந்தா மட்டும்?" என்று கத்தினான். அவன் அவளிடம் அப்படிக் கத்தியதே இல்லை. "நேத்து முழுக்க ஒன்ன நான் சாகக் குடுத்துட்டு வேல செஞ்சேன் புள்ள. இன்னொரு நாளு என்னால ஏலாது."

அவள் பிடி தளர்ந்தது. அவன் படங்கைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினான். சத்தம் கேட்டு நாகலெட்சுமி இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்தாள். "அத்த, இவகூட இருங்க," என்று சொல்லிக்கொண்டே மேட்டில் ஏறினான்.

படம் போய் ஒரு நிமிஷம் ஆகவில்லை, போன் அடித்தது. மிஸ் இல்லை, டொக்டர். அவர் சிங்களவர், தமிழைத் துண்டு துண்டாகப் பேசுவார்.

"தலைவலி இருக்கா?"

"இருக்கு சேர். ரொம்ப."

"கண்? வெளிச்சம் மாதிரி, வளையம் மாதிரி?"

"ஆமா சேர்."

"நெஞ்சுக்குக் கீழே வலி?"

"அதுவும் சொன்னா சேர்."

டொக்டர் பக்கத்தில் யாரிடமோ சிங்களத்தில் அவசரமாக அம்புலன்ஸ் என்று சொன்னது கேட்டது.

"இப்பவே கொண்டுவா. சாப்பாடு குடுக்க வேண்டாம், உடுப்பு எடுக்க வேண்டாம். அம்புலன்ஸ் கீழே பாலத்தடிக்கு வரும். நான் ஆசுபத்திரி வாட்டுக்குச் சொல்றேன். மிஸ் உன்கூட போன்ல இருப்பா, கட் பண்ணாதே. விளங்குதா?"

செல்லசாமியின் ஆட்டோ லயத்து முனையில் நின்றது. தோட்டத்தில் அவசரத்துக்கு அது ஒன்றுதான். செல்லசாமி பல் துலக்கிக்கொண்டிருந்த வாயைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

"பதினாறாம் நம்பர் மலையில மண்ணு இறங்கியிருக்கு யோகேஸு. வண்டி அதுவரைக்குந்தான் போகும்."

"அதுக்கப்புறம் தூக்கிக்குறேன். நீ ஓட்டு."

கிருஷாந்தி நடந்து வந்துதான் ஏறினாள். அழவில்லை. முகம் ஊதி, கண் இரண்டும் கோடாகியிருந்தன. நாகலெட்சுமி அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு பக்கம் உட்கார்ந்தாள். வண்டி சேற்றில் சறுக்கிச் சறுக்கி இறங்கியது. கோயில் வளைவைத் தாண்டியதும் போனில் மிஸ்ஸின் முகம் வந்தது. அவளும் எங்கோ ஒரு பஸ்ஸில் இருந்தாள். பின்னால் ஜன்னல்கள் ஆடின.

"கிருஷாந்தி, என்னையப் பாரு. நான் கீழ பாலத்தடிக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன்."

"மிஸ், கண்ணு தெரியல மிஸ்."

"சரி புள்ள, மூடிக்க. மூச்ச மெதுவா விடு."

பதினாறாம் நம்பர் மலையில் தேயிலைச் செடியோடு ஒரு துண்டு நிலம் பாதையில் வந்து உட்கார்ந்திருந்தது. மேலே இன்னும் சிறு கற்கள் உருண்டுகொண்டிருந்தன. யோகேஸ்வரன் இறங்கி அவளைத் தூக்கக் கையை நீட்டினான். அப்போதுதான் அவள் உடம்பு விறைத்தது. தலை பின்னால் போனது. தாடை கிட்டித்தது. அவன் கைகளிலேயே அவள் வெட்டி வெட்டி இழுத்தாள்.

"ஐயோ, வலிப்பு!" என்று நாகலெட்சுமி அலறினாள். "செல்லசாமி, சாவியக் குடு, கையில இரும்பு குடுக்கணும்! கரண்டி ஏதாச்சும் இருந்தா வாயில வைங்க!"

செல்லசாமி ஆட்டோச் சாவியைப் பிடுங்கினான். சீட்டில் கிடந்த போனிலிருந்து மிஸ்ஸின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே வந்தது.

"வாயில ஒன்னும் வைக்காதீங்க! யோகேஸ், கேக்குதா? ஒன்னும் வைக்க வேணாம்! இடது பக்கமா சாச்சுப் படுக்க வைங்க. கீழ மண்ணா இருந்தாலும் பரவால்ல. தலைய மட்டும் புடிங்க. கைகால அமுக்காதீங்க."

அவன் அவளைச் சேற்றிலேயே இடப்பக்கமாகக் கிடத்தினான். தலைக்கடியில் தன் காலை வைத்தான். செல்லசாமி ஆட்டோவில் கிடந்த படங்கை விரித்து மழையை மறைத்தான். நாகலெட்சுமி போனை எடுத்து மிஸ்ஸுக்குத் தெரிகிற மாதிரி பிடித்தாள்.

"அப்புடியே விடுங்க. எச்சில் வெளிய வரட்டும். நான் நேரம் பாக்குறேன். பயப்படாதீங்க, நிக்கும். நிக்கும் யோகேஸ்."

நின்றது. ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட என்று மிஸ் பிறகு சொன்னாள். அவனுக்கு அது நாள் கணக்கு. கிருஷாந்தி குறட்டை மாதிரி மூச்சு விட்டாள். மூச்சு விட்டாள் என்பதே போதுமாக இருந்தது. அவனும் செல்லசாமியும் அவளைப் படங்கில் வைத்து, முழங்கால் புதைய, மண்ணைத் தாண்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மேலே இருந்து ஒரு கல் உருண்டு வந்து செல்லசாமியின் கணுக்காலில் அடித்தது. அவன் "ச்சே" என்றதோடு சரி, பிடியை விடவில்லை. பாலத்தடியில் அம்புலன்ஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது.

ஆசுபத்திரி வாசலில் தள்ளுவண்டியோடு நாலு பேர் காத்திருந்தார்கள். யாரும் பெயர் கேட்கவில்லை, கிளினிக் பதிவுக் கொப்பி கேட்கவில்லை. அவளுடைய எண்களெல்லாம் அவளுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தன. ஒரு மணி நேரத்தில் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. ஒரு கிலோ அறுநூறு கிராம். அழுகிற சத்தத்தை அவன் கேட்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனதை மட்டும் பார்த்தான். கிருஷாந்தி இரண்டு நாள் கண் திறக்கவில்லை. அந்த இரண்டு நாளும் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அவன் எழுந்து நின்றான், ஒவ்வொரு முறையும் அது வேறு யாருக்கோ வந்த சேதியாக இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் நர்ஸ் வெளியே வந்து, "தண்ணி கேக்குறாங்க," என்றாள்.

சனிக்கிழமை பெற்றீசியா மிஸ் வந்தாள். கிருஷாந்தியின் கையைப் பிடித்துப் பேசிவிட்டு, பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டு, அவனை நடைக்கு வெளியே கூப்பிட்டாள். தன் போனில் இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

"இது ஞாத்திக்கெழம. இது செவ்வாக்கெழம. ரெண்டுலயும் மேசையில அதே எடத்துல ஒரு சோத்துப் பருக்க ஒட்டியிருக்கு."

அவன் தலையைக் குனிந்தான்.

"செவ்வாக்கெழம நான் நல்லம்னு பதில் போட்டிருக்கேன். ஒரே ராத்திரியில எப்புடி இவ்வளவு ஏறுச்சு, நீங்க ஒழுங்கா பாத்தீங்களான்னு என்னையக் கேக்குறாங்க. திங்கக்கெழம சுகாதார ஒப்பீஸுக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"நீங்க சொல்லுங்க மிஸ். நான் செஞ்சத சொல்லிருங்க."

"நான் சொல்ல மாட்டேன்." அவள் குரலில் கோபம் இல்லை, தூங்காத களைப்பு இருந்தது. "நான் போயி ஒங்களக் காட்டிக் குடுத்தேன்னு தெரிஞ்சா, அதுக்கப்புறம் எந்த லயத்துலயும் ஒருத்தியும் என்கிட்ட உண்மைய சொல்ல மாட்டா. எனக்கு அது வேணாம்."

திங்கட்கிழமை யாரும் கூப்பிடாமலே அவனும் அங்கே போனான். அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் டொக்டர், இந்தப் பக்கம் பெற்றீசியா மிஸ், முன்னால் ஒரு ஃபைல். யோகேஸ்வரன் வாசலில் செருப்பைக் கழற்றினான். டொக்டர் நிமிர்ந்து பார்த்ததும், பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த சிங்களம் வாயிலிருந்து விழுந்தது.

"மமய் எவ்வே சேர். பரண போட்டோ எக்க."

பழைய படத்தை அனுப்பியது நான்தான். கிருஷாந்தி சொல்லித்தான் என்று அவன் சொல்லவில்லை. அமுக்கியது அவன் விரல்.

டொக்டர் பேனையை வைத்தார். "ஏய்?" என்று கேட்டார். ஏன்?

அதற்கு அவன் ஒன்றும் தயார் செய்திருக்கவில்லை.

"பய உனா சேர்," என்றான். பயந்துட்டேன்.

டொக்டர் அவனைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் ஃபைலை மூடினார். மிஸ் பக்கம் திரும்பி, மற்ற பத்து மெசினும் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"நேத்து நாலு வீட்டுக்குப் போனேன் சேர். நானே கட்டிப் பாத்தேன்," என்றாள் பெற்றீசியா. "ரெண்டு வீட்டுல, அனுப்புற எண்ணும் நான் கட்டிப் பாத்த எண்ணும் ஒன்னு இல்ல."

தான் மட்டும் செய்த குற்றம் என்று யோகேஸ்வரன் ஆறு நாளாக நினைத்துக்கொண்டிருந்தான். தாங்கியடிகளிலும் பாறைகளிலும் கவரேஜ் தேடி நிற்கிற எத்தனை பேர் கையில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைப் படங்கள் இருக்கின்றனவோ.

"மிச்சம் ஆறு வீடு," என்றாள் மிஸ், அலுவலகப் படியில் குடையை விரித்துக்கொண்டே. "நான் சொன்னா மிஸ் மெரட்டுறான்னு நெனைப்பாங்க. நீங்க கூட வர்றீங்களா?"

"ஆசுபத்திரியில அஞ்சு மணிக்குத்தான் உள்ள விடுவாங்க. வர்றேன் மிஸ்."

கீழ்க்கணக்கு லயத்தில் முதல் வீடு. ஒரு இளம் பெண் சிரித்த முகத்தோடு இஸ்தோப்புக்கு வந்தாள். சர்மிளா என்று பெயர். இருபது வயதுகூட இருக்காது. அவள் புருஷன் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தான்.

"காலையில அனுப்பிட்டோம் மிஸ். நோர்மல்தான்."

பெற்றீசியா பதில் சொல்லாமல் யோகேஸ்வரனைப் பார்த்தாள். தெரியாத வீடு, தெரியாத பெண்.

"நான் மேக்கணக்கு யோகேஸ்வரன்," என்று ஆரம்பித்தான். "எங்க வீட்டுலயும் ஒரு மெசின் இருக்குதும்மா. எம் பொண்டாட்டி ஆசுபத்திரிக்குப் பயந்தா. அவ பயந்ததப் பாத்து நானும் பயந்தேன். செவ்வாக்கெழம நான் பழைய படத்த அனுப்பினேன். மறுநாளு பதினாறாம் நம்பர் மலையில, சேத்துக்குள்ள, எங் கையிலயே அவளுக்கு வலிப்பு வந்துச்சு."

அடுப்படியில் சத்தம் நின்றது. புருஷன் வாசலுக்கு வந்து நின்றான். சர்மிளாவின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கண்ணை எடுத்துக்கொண்டான்.

"அவங்க இப்ப...?" என்றாள்.

"இருக்கா. கண்ணு முழிச்சிட்டா. புள்ள கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருக்கு. இன்னும் ஒன்னும் சொல்ல மாட்டேங்குறாங்க."

சர்மிளா படியில் உட்கார்ந்து, கம்பளிச் சட்டையின் கையை மெதுவாக மேலே சுருட்டி, மிஸ்ஸிடம் கையை நீட்டினாள்.